இரண்டு பில், ஒரே லைன்

கடலடி இணையக் கேபிள்கள் கரையேறும் ஊர்கள் இந்தியாவில் ஒரு சிலதான். மும்பை, சென்னையோடு கொச்சியும் அவற்றில் ஒன்று. தென்னாப்பிரிக்காவிலிருந்து மலேசியா வரை போகும் சேஃப் கேபிள் 2002 முதல் இங்கே கரை தொடுகிறது. 2024 ஜனவரி 3 அன்று கவரத்தியில் பிரதமர் தொடங்கி வைத்த லட்சத்தீவுக் கேபிளும் கொச்சியிலிருந்துதான் புறப்படுகிறது. அதுவரை செயற்கைக்கோளை நம்பி 1.7 ஜிபிபிஎஸ்ஸில் திணறிக்கொண்டிருந்த தீவுகளுக்கு 200 ஜிபிபிஎஸ் வரை கொண்டுசேர்க்கும் திறன் அந்தக் கேபிளுக்கு உண்டு.

இத்தனை இருந்தும், கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பழைய கிடங்கு ஒன்றில் கச்சேரியையோ கருத்தரங்கையோ நேரலையில் காட்டப்போகிறவருக்கு இதனால் நேரடி லாபம் ஏதும் கிடையாது. அவருடைய நிகழ்ச்சி நிற்பதும் விழுவதும் கடைசி முந்நூறு மீட்டரில். மின்வாரியக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குத் தொங்கி, சரக்கு லாரி உரசும் உயரத்தில் ரோட்டைக் கடந்து, ஓட்டுக்கூரையின் இறவாரத்தில் ஆணியடித்து உள்ளே இழுக்கப்படும் மெல்லிய ஃபைபர் அது. எந்த நிறுவனத்திடம் இணைப்பு வாங்குவது என்று யோசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஃபைபரைத்தான். விளம்பரத்தில் உள்ள எம்பிபிஎஸ் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2012 டிசம்பர் 12-இல் கொச்சி-முசிரிஸ் பினாலே எனும் கலைவிழா தொடங்கியதிலிருந்து ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் மிளகு, இஞ்சி, அரிசி மூட்டை அடுக்கிய கிடங்குகள் பல கலைக்கூடங்களாகிவிட்டன. ஆனந்த் வேர்ஹவுஸ், டிகேஎம் வேர்ஹவுஸ் போன்ற பெயர்கள் இன்று கலை உலகம் முழுக்கத் தெரியும். பினாலேவைச் சுற்றிச் சிறு இசை நிகழ்ச்சிகள், திரையிடல்கள், புத்தக வெளியீடுகள் என்று ஊரே பரபரக்கிறது. ஆனால் இந்தக் கட்டடங்கள் சரக்கு வைக்கக் கட்டப்பட்டவை. தடித்த சுவர், ரோட்டு வாசலில் தொடங்கிப் பின்னால் காயல் துறை வரை நீளும் குறுகலான அமைப்பு. வாசலில் மோடத்தை வைத்தால் மேடை இருக்கும் பின்கட்டுக்கு வைஃபை எட்டாது. சாதாரண லேன் வயர் 100 மீட்டருக்கு மேல் தாங்காது. மூட்டை இருந்த இடத்தில் எலியும் இருக்கும், எலி வயரைக் கடித்துவிடும். ஆகவே, இணைப்பு தருகிறவர் நேரில் வந்து இடத்தைப் பார்க்காமல் ஃபோனிலேயே "ஆகும்" என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

இரண்டு நிறுவனம் போதுமா?

ஒரு லைன் போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குவது எல்லாரும் செய்வதுதான். யோசனை சரி. அது பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு லைனும் இரண்டு வழியில் வர வேண்டும்.

கேரளத்தில் வீட்டு இணையம் பெரும்பாலும் கேபிள் டிவிக்காரர்கள் கையால் வளர்ந்தது. கேரளா விஷன், கேபிள் ஆபரேட்டர்களே சேர்ந்து நடத்தும் அமைப்பு. அதன் லைனை வீட்டுக்குள் கொண்டுவருவது அந்தந்தத் தெருவின் ஆபரேட்டர். பிஎஸ்என்எல்லின் ஃபைபரும் பல இடங்களில் நிறுவனத்தின் சொந்த ஊழியர்களால் இழுக்கப்படுவதில்லை. வருவாயைப் பங்கிட்டுக்கொள்ளும் உள்ளூர்க் கூட்டாளிகள் மூலம்தான் வருகிறது. அந்தக் கூட்டாளி அதே கேபிள்காரராக இருக்கலாம். அப்படி இருந்தால் என்ன ஆகும்? பில் இரண்டு நிறுவனத்தின் பெயரில் வரும், மோடமும் இரண்டு நிறத்தில் இருக்கும். ஆனால் இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில், சில சமயம் ஒரே உறைக்குள், ஒரே சின்ன அறைக்குப் போய்ச் சேரும். கொடி கட்ட ஏணி வைத்தவர் தவறி அறுத்தாலும், உயரமான சரக்கு ஏற்றிய லாரி இழுத்துக்கொண்டு போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

உலக அளவிலேயே இந்தப் பாடம் படித்தாகிவிட்டது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடியில் சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கேபிள்கள் அறுந்தன. உரிமையாளர்கள் வேறு வேறு. ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று இந்திய நிறுவனங்கள் பல நம்பியிருந்தன. இரண்டும் ஒரே கரையை ஒட்டிப் போனதால் ஒரே சமயத்தில் போயின. இந்தியாவின் மேற்கு நோக்கிய இணையம் பல நாள் தள்ளாடியது. பஜார் ரோட்டுக் கம்பமும் அலெக்சாண்ட்ரியாக் கடலும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

எனவே இடத்தைப் பார்க்க வருகிற லைன்மேனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஸ்பீடு எவ்வளவு?" என்பதல்ல. "சேட்டா, இந்த லைன் எந்தக் கம்பத்திலிருந்து வருது, எங்க போய் முடியுது?" என்று கேட்டு, முடிந்தால் அவரோடு அந்த வழியை நடந்தே பார்த்துவிட வேண்டும். பத்து நிமிட நடைதான். ஒரு லைன் பஜார் ரோட்டு முகப்பிலிருந்தும் இன்னொன்று வேறு தெருப் பக்கமிருந்தும் வந்தால் அது உண்மையான இரட்டை. வழி ஒன்றுதான் என்று தெரிந்தால், இரண்டாவது இணைப்பைக் காற்றுவழியில், அதாவது கூரைக்கு மேல் கம்பம் நட்டு ரேடியோ மூலமோ மொபைல் சிம்கள் மூலமோ தேடிக்கொள்ள வேண்டும்.

தொங்கும் கேபிள் விஷயத்தில் கொச்சிக்கென்று இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கேபிளில் சிக்கி இருசக்கர வாகனக்காரர்கள் விழுந்து உயிரிழப்பு வரை போனதால், உயர் நீதிமன்றம் தலையிட்டு, கேபிள்களை ஒழுங்குபடுத்தவும் யாருடையது என்று தெரியும்படி அடையாளச் சீட்டு மாட்டவும் உத்தரவிட்டது. மனித உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அது அவசியமான உத்தரவு. நிகழ்ச்சிக்காக அவசரத்தில் இழுக்கிற தற்காலிக லைனுக்கும் அது பொருந்தும். சீட்டு இல்லாத கேபிளை அகற்றும் பணி நிகழ்ச்சி நாளன்று அந்தத் தெருவுக்கு வந்தால் கேட்பாரற்ற லைன்தான் முதலில் வெட்டுப்படும். சாலைக்குக் குறுக்கே போகிற உயரமும் சீட்டும் சரியாக இருக்கின்றனவா என்று ஏற்பாட்டாளரே நிமிர்ந்து பார்த்துவிடலாம்.

பச்சை முனையும் மீட்டரும்

இணைப்பு போட்டு முடித்ததும் லைன்மேன் மொபைலில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டுவார். முள் சரசரவென்று ஏறும். அதைவிட உருப்படியான சோதனை ஒன்று அவர் பையிலேயே இருக்கிறது: உள்ளங்கை அளவுள்ள ஆப்டிகல் பவர் மீட்டர். மோடத்தின் பின்னாலிருந்து பச்சை முனை கனெக்டரை உருவி, துடைத்து, மீட்டரில் செருகச் சொல்ல வேண்டும். திரையில் எண் மைனஸில் தெரியும். மைனஸ் 18, மைனஸ் 20 என்றால் நல்ல வெளிச்சம். மைனஸ் 25 என்றால் யோசிக்க வேண்டும். மைனஸ் 27-ஐ நெருங்கினால் அது விளிம்பு. வழக்கமான வீட்டு ஃபைபர் மோடங்கள் அதற்குக் கொஞ்சம் கீழே போனாலே சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். அப்படிப்பட்ட லைனில் இன்று ஸ்பீடு டெஸ்ட் அமோகமாக வரும். நாளை யாராவது நாற்காலிக் காலால் ஃபைபரை லேசாக மடக்கினால் போதும், போய்விடும். எண் மோசமாக இருந்தால் கனெக்டரை மாற்றி, நடுவில் உள்ள இணைப்புகளை மெஷின் வைத்து ஒட்டித் தரச் சொல்ல வேண்டும். மெஷின் இல்லாமல் கையால் பொருத்திய ஜாயின்ட், உப்புக்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் நீண்ட நாள் நிற்காது.

ஸ்பீடு டெஸ்டை முழுதாக நம்பக்கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் வலைக்குள்ளேயே, பக்கத்தில் உள்ள சர்வரோடு பேசிவிட்டுத் திரும்பும். நேரலை போக வேண்டியது யூடியூபுக்கு. ஆகவே உண்மையான ஒத்திகை என்றால், நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே கிழமையில், அதே மாலை நேரத்தில், யார் கண்ணிலும் படாத தனிப்பட்ட நேரலை ஒன்றை நிகழ்ச்சியின் முழு நீளத்துக்கும் ஓடவிடுவதுதான். மூன்று மணி நேர நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடச் சோதனை எதையும் சொல்லாது. தெருவே வீடு திரும்பி டிவியும் சினிமாவும் பார்க்கிற இரவு எட்டு மணிக்கு லைன் என்ன செய்கிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

எட்டு மணிக்கு ஏன் திணறுகிறது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஜிபான் முறையில் தெருவுக்கு வரும் ஃபைபர் ஒன்றின் மொத்தத் திறன், கீழிறங்க 2.5 ஜிபிபிஎஸ், மேலேற 1.25 ஜிபிபிஎஸ். அதை 32 வீடுகளுக்குப் பிரித்தால், எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பும்போது ஆளுக்கு 39 எம்பிபிஎஸ் அப்லோடு. 64 வீடுகள் என்றால் அதில் பாதி. பிளானில் 200 என்று போட்டிருக்கலாம். அது யாரும் இல்லாத தெருவின் வேகம்.

நேரலைக்கு வேண்டியதோ அப்லோடுதான். முழு எச்டி நேரலை ஒன்றுக்கு 6 முதல் 9 எம்பிபிஎஸ் வரை தொடர்ந்து, ஏற்ற இறக்கமில்லாமல் போக வேண்டும். வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் ஜூமில் வந்தால் இன்னொரு 4. யூடியூபுக்கும் ஃபேஸ்புக்கிற்கும் தனித்தனியாக இங்கிருந்தே அனுப்பினால் முதல் கணக்கு இரட்டிப்பாகும். ஒரு முறை அனுப்பி, இணையத்திலேயே பிரித்துக்கொள்வது மேல். இப்படிக் கூட்டி வந்ததைப் போல இரண்டு மடங்கு கையில் இருக்க வேண்டும். சிறு நிகழ்ச்சிக்கு 30 எம்பிபிஎஸ் நிலையான அப்லோடு தாராளம். நிலையான என்ற சொல்லில்தான் விலை ஏறுகிறது.

லீஸ்டு லைன் எனும் தனி இணைப்பு வருவது இங்கேதான். யாரோடும் பங்கில்லை, ஏறுவதும் இறங்குவதும் ஒரே வேகம், மாறாத ஐபி முகவரி கிடைக்கும். விலை பல மடங்கு. பொதுவாக ஆண்டுக் கணக்கில்தான் கொடுப்பார்கள், சில வாரத்துக்கு வேண்டும் என்றால் பேசித்தான் வாங்க வேண்டும். ஆய்வு, அனுமதி, கேபிள் இழுப்பு என்று சில வாரங்கள் ஓடிவிடும். பினாலே போல நூறு நாளுக்கு மேல் நடக்கும் விழாவுக்கு அது கட்டுப்படியாகும். ஒரு மாலைக் கச்சேரிக்கு நல்ல வீட்டு ஃபைபரும் சிம்களும் சேர்ந்தால் பெரும்பாலும் போதும்.

லீஸ்டு லைன் ஒப்பந்தத்தில் "99.5 சதவீதம் இயங்கும்" என்று எழுதியிருக்கும். கேட்க நன்றாக இருக்கும். முப்பது நாள் மாதத்தில் 720 மணி நேரம்; அரை சதவீதம் என்றால் 3 மணி 36 நிமிடம். அதாவது, கச்சேரி முழுவதும் லைன் இல்லாமல் போனாலும் நிறுவனம் ஒப்பந்தத்தை மீறியதாகாது. 99.9 என்றாலும் 43 நிமிடம் போகலாம். மீறினால் கிடைப்பதும் பெரும்பாலும் பில்லில் ஒரு சிறு கழிவுதான். வராமல் போன பார்வையாளருக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. அதனால் சதவீதத்தைப் பேரம் பேசுவதைவிட, "தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து முடியும்வரை ஒட்டும் மெஷினோடு ஒருவர் இந்த இடத்திலேயே இருப்பார்" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது மேல். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுத்துவிடலாம். செலவுப் பட்டியலில் வேறு எதுவும் அவ்வளவு பயன் தராது.

பெரிய நிறுவனமா, தெருக் கேபிள்காரரா என்ற தயக்கமும் இங்கேதான் தீரும். "ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு லைன் அறுந்தா யாரு வருவாங்க?" என்று இருவரிடமும் கேட்கலாம். பெரிய நிறுவனம் ஒரு கஸ்டமர் கேர் எண் கொடுக்கும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கேபிள்காரர், "ஞான் தன்னெ வராம்" என்பார். அந்த எட்டு மணிக்கு இரண்டாவது பதிலுக்குத்தான் மதிப்பு. பெரிய பெயர் ஒன்றும் உள்ளூர் ஆள் ஒருவரும் வேறு வேறு வழியில் கிடைத்தால் அதைவிட நல்ல கூட்டு இல்லை. 2023 ஜூன் 5-இல் தொடங்கப்பட்ட மாநில அரசின் கேஃபோன், மின்வாரியக் கட்டமைப்பின் வழியே வருவது. அரசுக் கட்டடத்தில் நிகழ்ச்சி என்றால் அந்த இணைப்பு அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று விசாரிக்கலாம். அதிலும் வழியைக் கேட்க மறக்கக்கூடாது.

கூட்டம் கூடினால்

டிசம்பர் 31 நள்ளிரவில் ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்சி எனும் பெரிய உருவபொம்மையை எரிக்கும்போது மைதானத்தில் நின்று வீடியோ அனுப்பப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சிக்னல் முழுக் கோட்டில் நிற்கும், எதுவும் போகாது. டவரின் திறனை அங்கே நிற்கும் எல்லாக் கைபேசிகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. 5ஜி வந்ததால் இது குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்த சிம்மை நம்பிக் கூட்டத்துக்கு நடுவே நேரலை செய்வது சூதாட்டம்.

சிம்களைப் பயன்படுத்துவதில் இரண்டு முறைகள் உண்டு, ஏற்பாட்டாளர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு லைன் போனதும் ரூட்டர் அடுத்ததற்குத் தாவுவது ஒரு முறை. தாவும் கணத்தில் ஐபி முகவரி மாறுவதால் நேரலை அறுந்து மறுபடி தொடங்கும். பார்க்கிறவருக்குச் சுழல் வட்டம் தெரியும். மற்றது பாண்டிங்: லைவ்யூ போன்ற கருவிகள் ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம்களையும் ஃபைபரையும் ஒரே நேரத்தில் சேர்த்துப் பிணைத்து அனுப்பும், ஒன்று போனாலும் படம் நிற்காது. செய்தி சேனல்கள் தெருவிலிருந்து காட்டுவது இப்படித்தான். இதை நாள் வாடகைக்கு எடுக்கலாம். டிக்கெட் விற்று இணையத்தில் காட்டும் நிகழ்ச்சிக்கு இந்த வாடகையைத் தவிர்ப்பது புத்திசாலித்தனமல்ல.

அரங்குக்குள்ளும் காற்று நெரியும். 2010 ஜூன் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐஃபோன் 4-ஐ அறிமுகம் செய்தபோது மேடையிலேயே இணையப் பக்கம் திறக்க மறுத்தது. அரங்கில் 570 வைஃபை நிலையங்கள் ஒலிபரப்பிக்கொண்டிருந்தன, எல்லாம் வந்தவர்கள் கையில் இருந்த சின்னக் கருவிகள். அவரே மேடையிலிருந்து அணைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று. மேடை, கேமரா, டிக்கெட் மேசை மூன்றுக்கும் வயர்தான். வைஃபை விருந்தாளிக்கு மட்டும் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

விருந்தாளி வைஃபையிலும் ஒரு சிக்கல். பொது வைஃபை தருகிறவர் பயன்படுத்துபவரின் அடையாளத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி. அதனால்தான் மொபைலுக்கு ஓடிபி வருகிறது. டவர் நெரிந்திருக்கும்போது அந்த ஓடிபியே வராது. இந்திய எண் இல்லாத வெளிநாட்டுக்காரருக்கு எப்போதுமே வராது, பினாலே காலத்து மட்டாஞ்சேரியில் அவர்கள் ஏராளம். பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சீட்டில் கடவுச்சொல் கொடுக்கும் வசதி இணைப்பு தருபவரிடம் இருக்கிறதா என்று கேட்டு வைக்கலாம். யூபிஐ மேசையிலும் இதையே யோசிக்க வேண்டும். பணம் அனுப்புவது வந்தவரின் கைபேசி. "பணம் வந்தது" என்று சொல்லும் பெட்டி தன் சொந்த சிம்மில் ஓடுவது. இரண்டும் ஏற்பாட்டாளரின் ஃபைபரைத் தொடுவதில்லை. டவர் நின்றால் வரிசை நிற்கும். அந்த மேசைக்குப் பக்கத்தில் விருந்தாளி வைஃபை நன்றாக எட்ட வேண்டும், சில்லறையும் இருக்க வேண்டும்.

மழை, மின்சாரம்

2022 பினாலே டிசம்பர் 12-இல் தொடங்க இருந்தது. கடைசி நேரத்தில் 23-க்குத் தள்ளிப்போனது. சரக்கு வரத் தாமதம், காட்சி அறைகளுக்குள் மழை, நிலையான மின்சாரம் இன்மை, கருவித் தட்டுப்பாடு என்று பங்கேற்ற கலைஞர்கள் பலர் பகிரங்கக் கடிதத்தில் எழுதினார்கள். உலகம் கவனிக்கும் விழாவுக்கே இந்தக் கட்டடங்களில் மின்சாரமும் மழையும் இப்படிச் சோதனை வைத்தன என்றால் சிறு நிகழ்ச்சி நடத்துகிறவர் இரு மடங்கு கவனமாக இருப்பது நியாயம். துலாவர்ஷம் எனும் ஐப்பசி மழை இடியோடு வருவது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செம்பு வயர் இழுத்தால் மின்னல் அதன் வழியே சுவிட்சைச் சுட்டுவிடும், அங்கே ஃபைபர்தான் வேண்டும். காயலோரத் தாழ்வான கிடங்கில் கருவிகளைத் தரையில் வைக்கக்கூடாது.

மோடத்துக்கும் ரூட்டருக்கும் தனி யூபிஎஸ் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஜெனரேட்டர் மாறும் அந்தச் சில வினாடியில் மோடம் அணைந்தால் மீண்டு வர நிமிடங்கள் ஆகும். பலர் கேட்க மறப்பது மறுமுனையைப் பற்றி. கேபிள்காரரின் அறையில் தெரு ஃபைபர்கள் போய்ச் சேரும் ஓஎல்டி பெட்டிக்குப் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும்? நடுவழியில் கம்பத்தின் மேல் கரண்டில் ஓடும் பெட்டி ஏதாவது இருக்கிறதா? சுத்தமான ஜிபான் என்றால் நடுவில் மின்சாரமே தேவையில்லை. கம்பத்துப் பெட்டியில் சுவிட்ச் வைத்து அங்கிருந்து லேன் வயர் இழுத்திருந்தால், அந்தத் தெருவில் கரண்டு போனதும் கிடங்கின் ஜெனரேட்டர் எவ்வளவு உறுமினாலும் இணையம் வராது.

செயற்கைக்கோள் பற்றி ஒரு சொல். ஸ்டார்லிங்க்குக்கு இந்தியாவில் 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது; அதற்காக வெளிநாட்டுக் குழு பெட்டியில் கொண்டுவரும் தட்டை மொட்டைமாடியில் வைத்துவிடலாம் என்று பொருளில்லை. அனுமதி இல்லாத செயற்கைக்கோள் கருவி சட்டச் சிக்கல். கடற்படைத் தளம் உள்ள ஊரில் அது இன்னும் தீவிரம். வரும் குழுவுக்கு முன்கூட்டியே கடிதத்தில் சொல்லிவிட வேண்டும்.

எந்த ஏற்பாட்டிலும் படத்தை அனுப்பும் கருவியிலேயே முழுப் பதிவும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், லைன் விழுந்தாலும் நிகழ்ச்சி கையில் நிற்கும். அந்தப் பெரிய கோப்பை மறுநாள் ஏற்ற அதே லைன் வேண்டும். ஆகவே தற்காலிக இணைப்பை நிகழ்ச்சி முடியும் தேதியோடு துண்டிக்கச் சொல்லாமல், இரண்டு மூன்று நாள் தள்ளி எழுதி வாங்குவது நல்லது. வாடகைக் கருவிகளைத் திருப்பும் தேதியையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.